கண்மலரும் மருந்து வில்லையும்

கொட்டாம்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள மேலூர் தாலுகா கிராமங்களிலும் கதிரறுப்பு வந்துவிட்டால், "கண்ணில் தூசி விழுந்துவிட்டது" என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. நெல்லின் சுணையோ, தாளின் நுனியோ, கல் உடைக்கிற இடத்துத் தெறிப்போ கருவிழியைக் கீறிவிடுகிறது. அதற்கு நம் மக்கள் செய்யும் வைத்தியம் என்ன? முதல் நாள் தாய்ப்பால். இரண்டாம் நாள் விளக்கெண்ணெய். மூன்றாம் நாள் நாக்கால் தூசி எடுக்கிற கிழவி. நான்காம் நாள் மாரியம்மன் கோயில் தீர்த்தம். அதற்கும் அடங்காவிட்டால் வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துவதாக நேர்த்திக்கடன். கண்மலர் சாத்துகிற நாளில் கருவிழி வெள்ளை விழுந்து போயிருக்கும். பிறகு "அவன் தலையில் எழுதினது அவ்வளவுதான்" என்பதோடு சங்கதி முடிந்துவிடும்.

தலையெழுத்துக்காரர்களை நாம் ஒன்று கேட்கிறோம். 1990-களில் மதுரை ஜில்லாவில் கணக்குப் பார்த்ததில், லட்சம் பேருக்கு வருஷத்திற்கு 113 பேருக்குக் கருவிழியில் புண் காண்கிறது என்று தெரிந்தது. அமெரிக்காவில் ஓரிடத்தில் எடுத்த கணக்கோ லட்சத்திற்கு 11. அப்படியானால் பிரம்மதேவன் மதுரை ஜில்லாக்காரன் தலையில் மாத்திரம் பத்துப் பங்கு அழுத்தி எழுதுவானேன்? அமெரிக்கன் எந்த மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்தினான்?

காரணம் வெளிப்படையானது. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு மூன்று மாத காலத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் விவசாய வேலைக்காரர்கள். மூன்றில் இருவருக்கு அதற்கு முன் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி இன்னதென்று கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் புண்ணில் இருந்தது பூஞ்சைக்காளான். மண்ணிலும் வைக்கோலிலும் கிடக்கிற அந்தக் காளான் கீறல் வழியே உள்ளே போகிறது. அதற்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது.

இதற்கு மருந்தும் இருக்கிறது. நேட்டாமைசின் என்பது அதன் பெயர். நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தென்னாப்பிரிக்க நேட்டாலின் மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1955-ல் எடுக்கப்பட்டது. வோரிகோனசோல் என்ற புதிய மருந்து வந்தபோது, அரவிந்த் ஆஸ்பத்திரிகளில் 2010 முதல் 323 நோயாளிகளிடம் இரண்டையும் சோதித்துப் பார்த்து, பழைய மருந்தே மேல் என்று 2013-ல் வெளியிட்டார்கள். புதியது தோற்றது என்று அச்சுப் போட்டுச் சொல்லும் யோக்கியதை எந்த மடத்துக்கு உண்டு, எந்தத் தீர்த்தத்துக்கு உண்டு?

நிற்க. சங்கடம் மருந்தைக் கண்ணில் விடுவதில்தான் இருக்கிறது. அந்தச் சோதனையில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு வாரம்; அப்புறம் இரண்டு மணிக்கு ஒரு சொட்டு வீதம் மூன்று வாரம் முடியுமட்டும். அன்றாடம் கூலிக்குப் போய் அடுப்பு மூட்டுகிற பெண்பிள்ளைக்கு இது நடக்கிற காரியமா? சேற்றுக் கையோடு மணிக்கொருதரம் வரப்பேறி யாரைக் கூப்பிட்டு மருந்து விடச் சொல்லுவாள்? விட்ட சொட்டும் இமை கொட்டினவுடன் கன்னத்தில் வழிந்தும், மூக்கு வழியாய் இறங்கியும் போய்விடுகிறது. பொதுவாகக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்தில் நூற்றில் ஐந்து பங்குகூட உள்ளே சேருவதில்லை என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள்.

இங்கேதான் காண்டாக்ட் லென்ஸ் என்கிற வில்லை வருகிறது. செக் தேசத்து ரசாயனி ஓட்டோ விக்டர்லே என்பவர் 1961-ல் கிறிஸ்துமஸ் சமயத்தில், குழந்தைகள் விளையாட்டுச் சாமானைப் பூட்டி வீட்டிலேயே ஒரு யந்திரம் செய்து மெத்தென்ற வில்லை வார்த்தார். நீரை உறிஞ்சுகிற பொருள் மருந்தையும் உறிஞ்சுமல்லவா? வில்லைக்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீர் தங்கி நிற்பதால், மருந்து மெல்லக் கசிந்து நெடுநேரம் நிற்கிறது. 2021-ல் ஜப்பானிலும் 2022-ல் அமெரிக்காவிலும் ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியின் மருந்து வில்லைக்கு அனுமதி கிடைத்தது. எந்த நோய்க்கு என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வாமையால் வரும் கண் அரிப்புக்கு!

அரிப்பும் தொல்லைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் காளானைக் கொல்லும் மருந்து வில்லையை அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் 2011-லேயே சோதனைச் சாலையில் செய்து காட்டியிருக்க, முதலில் கடைக்கு வந்தது அரிப்புக்கு என்றால், அதற்குக் கடவுள் காரணமா, லாபம் காரணமா? காசு கொடுத்து வில்லை போடுகிறவனுக்கு அரிப்பு வருகிறது. காளான் புண் வருகிறவன் கையில் காசு இல்லை.

விஞ்ஞானத்தின் பேரால் வருவதையெல்லாம் கும்பிடு என்பதும் மூடநம்பிக்கையே. கழுவாத கையோடும் குழாய்த் தண்ணீரோடும் வில்லையைப் போட்டால் அதுவே புண்ணைக் கொண்டுவரும். 2006-ல் வில்லை கழுவும் திரவம் ஒன்றினால் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் பலர் கண்ணில் இதே காளான் ஜாதி புகுந்து, அந்தத் திரவத்தையே திரும்பப் பெறும்படி ஆயிற்று. ஆதலால் மருந்து வில்லையை வைத்தியரே வைத்து, வைத்தியரே எடுக்க வேண்டும்.

இதெல்லாம் ஏழைக்கு எட்டுமா என்பவர்களுக்கு மதுரையிலேயே பதில் இருக்கிறது. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்ததுதான் அந்த ஆஸ்பத்திரி. (சாமியார் பேரை வைத்திருக்கிறதே என்று நம் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. பேர் எதுவானாலும் அங்கே புரை எடுப்பது கத்தியே தவிர தியானமல்ல.) புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் சுமார் 100 டாலர் விற்ற காலத்தில், அவர்கள் 1992-ல் ஆரோலாப் என்ற தொழிற்சாலை வைத்து, பத்தில் ஒரு பங்கு விலைக்குச் செய்து கொடுத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையில் செய்ய முடியுமானால், கண்மேல் வைக்கும் மருந்து வில்லையை ஏன் செய்யக்கூடாது? சர்க்கார் ஏன் அதற்குப் பணம் ஒதுக்கக்கூடாது? இதைக் கேட்க வேண்டியவர்கள் கொட்டாம்பட்டிக்காரர்கள்தான். அரிப்புக்கு வில்லை வாங்குகிறவர்கள் கேட்கமாட்டார்கள்.

வில்லை வருகிறவரையில் சும்மா இருக்க வேண்டியதில்லை. கிராமத்திலேயே பழக்கப்பட்ட ஊழியர்களைக் கொண்டு கீறல் பட்ட உடனே களிம்பு போட்டால் புண்ணாகாமல் ஆறிவிடுகிறது என்பதைத் தென்னிந்தியக் கிராமங்களில் பார்த்து 2006-ல் எழுதியிருக்கிறார்கள். ஆகவே கண்ணில் பட்ட அன்றைக்கே, பாலும் எண்ணெயும் ஊற்றாமல், மேலூர் வழியாக மதுரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறுங்கள். கண்மலருக்கு எடுத்து வைத்த பணம் பஸ் சார்ஜுக்குப் போதும்.