ஏமாந்தவரைக் குற்றம் சொல்லாத பூட்டு

முனைவர் பட்ட ஆய்வுக்காக, வன்கொடுமை வழக்குகளில் சாட்சி சொன்னவர்களைச் சந்தித்துப் பேசி வருகிறேன். அவர்களின் பெயர்களும் குரல் பதிவுகளும் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து உருவாக்கிய சிறிய இணையச் செயலியில் இருக்கின்றன. சென்ற ஆண்டு எங்களில் ஒரு தோழருக்கு ஒரு லிங்க் வந்தது. திறந்தால், அச்சு அசலாக எங்கள் லாகின் பக்கம். பாஸ்வேர்டு போட்டார். ஓடிபி கேட்டது, அதையும் போட்டார். போலிப் பக்கம் இரண்டையும் அந்த நொடியே உண்மையான தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிட்டது. பதிவுகள் எதுவும் திறக்கப்படவில்லை என்று உறுதியான பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அன்று நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி: "பார்த்துப் போட்டிருக்கக் கூடாதா தோழர்?"

இதை நினைத்து வெட்கப்படுகிறேன். அடிபட்டவரிடம் "அந்தத் தெருவுக்கு நீ ஏன் போனாய்?" என்று கேட்பவர்களை எதிர்த்து எழுதுகிறவன் நான். தவறு தோழருடையது அல்ல. மனிதக் கண்ணை நம்பிப் பூட்டு செய்த எங்களுடையது.

அதன் பிறகுதான் பாதுகாப்புச் சாவிக்கு மாறினோம். பென் டிரைவ் போன்ற சின்னக் கருவி அது. பதிவு செய்யும்போது இரண்டு குறியீடுகளை உருவாக்கும். ஒன்றை சர்வரிடம் தரும். ரகசியமான மற்றது கருவியை விட்டு வெளியே வராது. ஒவ்வொரு லாகினுக்கும் சர்வர் புதிதாக ஒரு எண்ணை அனுப்ப, சாவி அதற்குக் கையெழுத்திட்டுத் தரும். எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்பதை பிரவுசரே அதில் சேர்த்துவிடும். போலித் தளத்தின் முகவரி வேறு என்பதால் அங்கே சாவி வேலை செய்யாது. ஏமாந்தாலும் கொடுப்பதற்கு நம்மிடம் எதுவும் இல்லை.

வெப்ஆத்தன் என்ற இந்த முறையை டபிள்யூ3சி 2019 மார்ச்சில் தரநிலையாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2017 தொடக்கத்தில் ஊழியர்களுக்குச் சாவியைக் கட்டாயமாக்கிய கூகுள், 85,000க்கும் மேற்பட்ட அவர்களில் ஒருவரின் பணிக் கணக்கும் இப்படிப் பறிபோகவில்லை என்று 2018இல் சொன்னது.

நிரல் எழுதுவது பெரிய வேலை இல்லை. எண், தள முகவரி, கையெழுத்து மூன்றையும் சர்வரில் சரிபார்க்க வேண்டும். சிக்கலான கேள்வி வேறு: சாவி தொலைந்தால்? "எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்பலாம்" என்று பின்வாசலைத் திறந்தால் முன்வாசல் பூட்டு வீண். ஆளுக்கு இரண்டு சாவி வைத்தோம். ஒன்று கையில், இன்னொன்று பத்திரமான இடத்தில். இரண்டும் போனால், மற்ற மூவரில் இருவர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே புதுச் சாவி.

இது எல்லாவற்றையும் தடுத்துவிடாது. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் தீநிரல் வழியாக ஆவணங்கள் திணிக்கப்பட்டன என்று ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது. கணினிக்குள்ளேயே புகுந்தவனை இந்தச் சாவி நிறுத்தாது.

ஒரு சாவிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். எங்களுக்கும் அது சுமைதான். ஆனால் சாட்சிகளின் பெயர்களை வைத்திருக்கும் இயக்கங்களும் ஆய்வாளர்களும் அந்தச் செலவைக் கூட்டாக ஏற்றே ஆக வேண்டும். "ஜாக்கிரதையாக இருங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. நம்மை நம்பிப் பேசியவர் இன்றும் அதே ஊரில், அதே தெருவில்தான் குடியிருக்கிறார்.