ராஜபாளையத்தில் ஆப்ரிகாட் காய்க்குமா?

கேள்வி: ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் 4 சென்ட் இடம் உள்ளது. அதில் மாமனார் வைத்த சப்பட்டை மாமரம் ஒன்று நிற்கிறது. மூன்று வருடமாகச் சரியான காய்ப்பு இல்லை. ‘எந்த வெயிலிலும் மூன்றே வருடத்தில் காய்க்கும்’ என்று ஆப்ரிகாட் ஒட்டுக்கன்று விற்கும் விளம்பரம் கைபேசியில் வந்தது. மாமரத்தை எடுத்துவிட்டு நான்கு கன்று வைக்கலாம் என்கிறான் மகன். மரத்தை விலை பேசவும் ஆள் வந்து போய்விட்டார். ஆப்ரிகாட் வைக்கலாமா?
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில், மாமரத்தை வெட்ட வேண்டாம். ஆப்ரிகாட் கன்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் துளிர்க்கலாம், சில வருடம் இலையோடு நிற்கவும் செய்யலாம். ஆனால் காய்க்காது. உரமோ தண்ணீரோ பராமரிப்போ குறைவதால் அல்ல. அந்த மரம் கேட்கும் குளிர் இந்த மண்ணில் இல்லை.

ஆப்ரிகாட்டைத் தமிழில் சர்க்கரை பாதாமி என்பார்கள். பிளம்ஸ், பீச், பாதாம் எல்லாம் இதன் பங்காளிகள். இவை குளிர்நாட்டு மரங்கள். பனிக்காலம் வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போகும். மொட்டுக்குள் பூ தயாராக இருந்தாலும், போதிய குளிரைக் கண்ட பிறகுதான் அந்த உறக்கம் கலையும். நடுக்குளிரில் ஒரு நாள் வெயில் அடித்ததும் ஏமாந்து பூத்து, மறுநாள் உறைபனியில் கருகிவிடாமல் இருக்க இயற்கை வைத்த காவல் இது.

இந்தக் குளிரை மணிக்கணக்கில் அளக்கிறார்கள். வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு குளிர் மணி. பெரும்பாலான ஆப்ரிகாட் ரகங்களுக்குப் பல நூறு குளிர் மணி நேரம் தேவை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ‘குறைந்த குளிர் போதும்’ என்று விற்கப்படும் கேட்டி, கோல்டு கிஸ்ட் போன்ற ரகங்களுக்கே சுமார் 300 மணி நேரம் வேண்டும். ஓர் இரவில் 8 மணி நேரம் என்று வைத்தாலும், 7 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகள் 38 வேண்டும். ராஜபாளையத்தில் மார்கழி, தை இரவுகளிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. அங்கே ஒரு குளிர் மணி நேரம்கூடத் தேறாது.

‘மலை பக்கத்திலேயே இருக்கிறதே, காற்று சில்லென்று வருகிறதே’ என்று தோன்றலாம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் என்றாலும், இந்த இரண்டு ஊர்களும் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு உட்பட்ட உயரத்தில்தான் உள்ளன. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் சுமார் 6 முதல் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. 20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு இறங்க 2,000 மீட்டர் ஏற வேண்டும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். அங்கே பிளம்ஸும் பேரிக்காயும் காய்ப்பதற்கும், மலையடிவாரத்தில் காய்க்காததற்கும் காரணம் இந்த உயரம்தான்.

இந்தியாவில் ஆப்ரிகாட்டுக்குப் பேர்போன இடம் லடாக். லே, கார்கில் மாவட்டங்களில் பனி உருகி வரும் தண்ணீரைப் பாய்ச்சி வளர்க்கிறார்கள். ஏப்ரலில் பூத்து, ஜூலை, ஆகஸ்டில் பழம் பறித்து, வீட்டுக் கூரைகளில் காயவைக்கிறார்கள். அங்குள்ள ‘ரக்த்சே கார்போ’ என்ற வெள்ளை விதை ரகத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்காலத்தில் உறைநிலைக்கு மிகக் கீழே போகும் ஊர்கள் அவை. உலகச் சந்தைக்கு உலர் ஆப்ரிகாட் அனுப்புவதில் முதலிடம் வகிக்கும் துருக்கியின் மலாத்யா பகுதியும் பனி பெய்யும் ஊர்தான். பால்கோவா என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதுபோல, ஆப்ரிகாட் என்றால் அந்த ஊர்கள்.

குளிர் கிடைக்காத ஆப்ரிகாட் மரம் எப்படி இருக்கும்? துளிர் தாமதமாக வரும், அதுவும் கிளை நுனியில் மட்டும் வரும். கிளையின் நடுப்பகுதி மொட்டையாக நிற்கும். பூ மொட்டு விரியாமலே உதிரும். தப்பித் தவறி ஒன்றிரண்டு பூத்தாலும் பிஞ்சு நிற்காது. கரிசலில் மழைத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். கன்று உடனே பட்டுப்போனால் ஒரு வருடத்தோடு மனம் தெளிந்துவிடும். பச்சையாக நின்றுகொண்டே இருப்பதால்தான் ‘அடுத்த வருடம் காய்க்கும்’ என்று ஏழெட்டு வருடம் ஓடிவிடுகிறது.

சிலர் மரத்தடியில் ஐஸ் கட்டி கொட்டச் சொல்கிறார்கள். குளிர் வேண்டியது மொட்டுக்கு, வேருக்கு அல்ல. இலையைக் கையால் உருவிவிட்டால் பூக்கும் என்றும் சொல்வதுண்டு. இந்தோனேசியாவின் பாத்து பகுதியில் ஆப்பிள் மரத்துக்கு அப்படிச் செய்வது உண்மை. ஆனால் அது சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள மலைப்பகுதி, மரமும் வேறு. சமவெளி ஆப்ரிகாட்டுக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

கடையில் வாங்கிய பழத்தின் கொட்டையை முளைக்க வைக்க ஆசைப்படுபவர்களும் உண்டு. அந்த விதைக்கும் குளிர் வேண்டும். ஈர மணலில் பொதிந்து ஃபிரிட்ஜில் ஆறு முதல் எட்டு வாரம் வைத்தால் முளைக்கலாம். விதைக்கு ஃபிரிட்ஜ் போதும், மரத்தை ஃபிரிட்ஜில் வைக்க முடியாதே! இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கொட்டையை உடைத்தால் பாதாம் போன்ற பருப்பு இருக்கும். கசக்கும் பருப்பில் உள்ள அமிக்டலின் என்ற பொருள் வயிற்றுக்குள் சயனைடு விஷத்தை வெளியிடும். பச்சையாக மூன்று சிறிய பருப்புக்கு மேல் சாப்பிட்டால் பெரியவர்களுக்கே பாதுகாப்பான அளவைத் தாண்டும் என்றும், சின்னக் குழந்தைக்கு ஒன்றே அதிகம் என்றும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் எச்சரித்தது. பிள்ளைகள் கையில் கொட்டையைக் கொடுக்க வேண்டாம்.

விளம்பரத்தைப் பார்த்து எந்தப் புதுப் பழக்கன்று வாங்கினாலும் விற்பவரிடம் நான்கு கேள்வி கேட்கலாம். ரகத்தின் பெயர் என்ன? எத்தனை குளிர் மணி நேரம் வேண்டும்? எந்த வேர்க்கன்றில் ஒட்டுக் கட்டியது? இதே தாலுகாவில் காய்த்த மரம் எங்கே நிற்கிறது? கடைசிக் கேள்விக்கு முகவரி கிடைத்தால் நேரில் போய்ப் பார்க்கலாம். படம் மட்டும் அனுப்பினால் பணத்தைப் பத்திரப்படுத்தலாம். ரசீது இல்லாமல் கன்று வாங்கவே கூடாது.

இனி மாமரத்துக்கு வருவோம். மாமரமும் ஒரு குறிப்பைப் பார்த்துத்தான் பூக்கிறது. அதற்கு உறைபனி வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வரும் காய்ச்சலும், மார்கழி, தை மாத இதமான குளிரும் போதும். ராஜபாளையம் வட்டாரம் அதைத்தான் தருகிறது. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இந்தப் பகுதியின் பெயரோடு சேர்ந்து பேசப்படுவது அதனால்தான். காய்ப்பு நின்ற மரம் எல்லாம் கிழடாகிப்போன மரம் அல்ல. நடுக்கிளைகள் அடர்ந்து வெயில் உள்ளே இறங்காததும், உரம் வைக்காமல் விட்டதும், பூக்கும் நேரத்தில் வீட்டுத் தண்ணீர் ஓயாமல் பாய்வதும் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

அந்த மரத்துக்குச் செய்ய வேண்டியவை:

1. அறுவடைப் பருவம் முடிந்ததும், காய்ந்த கிளை, நோய்பட்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளைகளை வெட்ட வேண்டும். மரத்தின் நடுவே வெயில் தரையில் புள்ளி புள்ளியாக விழும் அளவுக்குத் திறந்தால் போதும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும்.

2. ஆறு வயது தாண்டிய மரத்துக்கு வருடத்துக்குத் தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல் சத்து 1.5 கிலோ என்பது பரிந்துரை. உரக்கடைக் கணக்கில் யூரியா சுமார் 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 6.25 கிலோ, பொட்டாஷ் 2.5 கிலோ. செப்டம்பர், அக்டோபரில் மண் ஈரமாக இருக்கும்போது, அடிமரத்தை ஒட்டாமல் தள்ளி வட்டமாக மண்ணில் கிளறி இட வேண்டும்.

3. மழை ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்த வேண்டும். பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளியல் தண்ணீரும் மரத்தடிக்குப் போனால், பூ தெரியும் வரை வேறு பக்கம் திருப்பிவிடலாம். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்தபிறகு பாசனம் தொடங்கலாம்.

4. பிப்ரவரி வந்தும் பூக்கவில்லை என்றால், லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் அல்லது 5 கிராம் யூரியா கரைத்து இலை நனையத் தெளிக்கலாம். இரண்டையும் சேர்க்கக் கூடாது.

இவ்வளவும் செய்து இரண்டு பருவம் பார்க்கலாம். அப்போதும் காய்க்காவிட்டால்கூட வெட்ட அவசரம் இல்லை. கிளைகளைக் குறைத்து, புதிதாக வரும் துளிர்களில் விருப்பமான ரகத்தை ஒட்டுக் கட்டலாம். பல வருடம் ஊன்றிய வேர் தயாராக இருப்பதால், புதுக்கன்றைவிடச் சீக்கிரம் காய்ப்புக்கு வரும்.

மகனுக்குப் புதிதாக ஏதாவது வைக்க வேண்டும் என்ற ஆர்வம் இருப்பது நல்லதுதான். அதை அணைக்க வேண்டாம். காயவைத்துச் சாப்பிடும் பழம்தான் ஆசை என்றால் சீமை அத்தி வைக்கலாம். வெயிலைத் தாங்கும், கடுங்குளிர் கேட்காது. தண்ணீர் தேங்காத, வெயில் நன்றாக விழும் மூலை போதும். குறைந்த தண்ணீரில் வர வேண்டும் என்றால் ஒட்டு இலந்தையும் நெல்லியும் இருக்கின்றன. நெல்லிக்குத் தனி மரமாக இல்லாமல் இரண்டு ரகம் சேர்த்து வைத்தால் காய்ப்பு கூடும். கன்றுகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் உள்ள பூவாணி அரசு தோட்டக்கலைப் பண்ணையிலும், வட்டார தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

ஏற்கெனவே ஆப்ரிகாட் கன்று வாங்கிவிட்டவர்கள் அதைத் தொட்டியில் வைத்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் அழகுக்கு வளர்க்கலாம். அதற்காகக் காய்க்கும் மரம் நிற்கும் மண்ணை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். விலை பேசிப் போனவருக்கு, மரம் விற்பனைக்கு இல்லை என்று இந்த வாரமே சொல்லிவிடுவது நல்லது.