காலி அட்டை சாட்சி அல்ல

காசநோய்ப் பிள்ளை தேறவில்லை என்றால் முதலில் மாட்டிக்கொள்பவள் தாய்தான். "மாத்திரையை ஒழுங்கா கொடுத்தியா?" ஜவ்வாது மலைக்காரி என்றால், சொன்னாலும் புரியாதவள் என்ற முடிவும் கூடவே வந்துவிடும். மாத்திரை தொண்டையைத் தாண்டினால் மருந்து வேண்டிய அளவு ரத்தத்தில் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் வேர். அது பொய்.

சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் கீதா ராமச்சந்திரன், சௌமியா சுவாமிநாதன் குழுவினர் 2013-இல் இதை அளந்தே காட்டினார்கள். சிகிச்சையிலிருந்த குழந்தைகளில் பெரும்பாலோரின் ரத்தத்தில் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து, மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்ற குறைந்தபட்ச அளவைத் தொடவே இல்லை. வயது குறைவாக இருந்தாலும் ஊட்டம் குறைவாக இருந்தாலும் ரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு பாதிக்கப்பட்டது. இதில் தாயின் குற்றம் என்ன? எடைக்கு எடை பார்த்தால் சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாக மருந்தைக் கழித்துவிடுகிறது. ஐசோனியசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்தைச் சிலர் பிறவியிலேயே விரைவாகச் சிதைத்துவிடுகிறார்கள்.

அளவைத்தான் கூட்டியாயிற்றே என்பார்கள். உண்மைதான். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் குழந்தைகளுக்கான ரிஃபாம்பிசினைக் கிலோவுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 15 ஆக உயர்த்தியது. இந்தியாவில் வாரம் மூன்று நாள் மாத்திரை என்ற முறையும் 2017-இல் தினசரியாக மாறியது. ஆனாலும் அது சராசரிப் பிள்ளைக்கான கணக்கு. 11 கிலோ பிள்ளைக்கு 2 மாத்திரை, 12 கிலோவைத் தொட்டால் 3. இடையில் தராசில் நிறுத்திப் பார்க்காவிட்டால் அந்த மூன்றாவது மாத்திரை அட்டையிலேயே கிடக்கும். சிறுநீர் ஆரஞ்சாகப் போகிறதே என்று தாய் நிம்மதி அடைவாள். மருந்து உள்ளே போனதற்குத்தான் அந்த நிறம் அடையாளம். எவ்வளவு சேர்ந்தது என்று அது சொல்லாது.

அதை அறிய எல்லாப் பிள்ளைக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லவில்லை. எடை ஏறாத பிள்ளை, எலும்பும் தோலுமான பிள்ளை, எச்.ஐ.வி. உள்ள பிள்ளை, இவர்களுக்காவது மாத்திரை கொடுத்த 2 மணி நேரத்திலும் 6 மணி நேரத்திலும் ரத்தம் எடுத்து அளந்தே ஆக வேண்டும்.

மலையில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஏழை வீட்டில் காசநோய் குணமாகாது, சானடோரியம்தான் கதி என்று உலகமே நம்பியிருந்தபோது, வீட்டிலேயே குணமாகும் என்று 1959-இல் நிரூபித்தது இதே சேத்துப்பட்டு. ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்குத் தடுப்பூசி ஐஸ் பெட்டியில் ஏறி வருகிறது. பிரித்தெடுத்த ரத்த நீரை, வெளிச்சம் படாமல், உறைநிலையில் கீழே இறக்க ஒரு பெட்டியும் வண்டியும் ஒதுக்குங்கள். அளக்கத் தெரிந்தவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள்.