வட்டி கிடாக்கறியில் இருக்கிறது

ஒவ்வொரு ஆடியிலும் குறைந்தது பத்துப் பேராவது எனக்கு அந்த வீடியோவை அனுப்பிவிடுகிறார்கள். கீரமங்கலம், வடகாடு பக்கம் ஏதோ ஒரு பந்தல். வாழையிலை, கிடாக்கறி, வரிசையாக மேசை போட்டு மொய் எழுதுகிறவர்கள், நோட்டு எண்ணும் மெஷின், பக்கத்திலேயே வங்கி ஊழியர். கீழே "ஒரே நாளில் கோடிகள்!" என்று எழுத்து துள்ளும். "மச்சான், சோறு போட்டே பணக்காரன் ஆயிடுறீங்களேடா" என்பான் சென்னை நண்பன். இவனை மன்னித்துவிடலாம். எனக்குச் சண்டை கொஞ்சம் படித்தவர்களோடுதான். அவர்கள் மொய் விருந்தை "வட்டியில்லாக் கடன், நம் மரபின் பொருளாதார ஞானம்" என்பார்கள். மார்செல் மாஸ் 1925லேயே கொடையைப் பற்றி எழுதிவிட்டார் என்பார்கள். மாஸ் சொன்னதே இலவசக் கொடை என்று ஒன்று கிடையாது, வாங்கினால் திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்பதுதான். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் காலி. கையிலும் காசு இருக்காது, ஆனால் விதைப்புக்கு வேண்டும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைக்கும், செலவைப் பகிர்ந்துகொள்ளும். சிலர் காதணி விழா என்று பத்திரிகை அடிப்பார்கள். காது குத்துகிற பிள்ளையைத் தேடினால் கிடைக்காது. ஒருவர் விருந்து வைத்தால் அடுத்து ஐந்து வருஷம் கழித்துத்தான். உங்களுக்கு நான் 1,000 போட்டிருந்தால், என் விருந்தில் நீங்கள் அந்த 1,000த்தோடு இன்னொரு 1,000 போடுவீர்கள். முதலாவது பழைய மொய், என் பணம். இரண்டாவது புது மொய், என் கடன். இவ்வளவும் ஒரு நீள நோட்டில் இருக்கும். எங்கள் வீட்டில் அது பீரோவுக்குள், நிலப் பத்திரத்துக்கு அடியில்.

2018 ஆடியில் எங்கள் முறை வந்தபோது அந்த நோட்டை நான் எக்செல்லில் ஏற்றினேன். (இஞ்சினியர் புத்தி, வேறென்ன.) வந்த மொத்தம் 6,40,000. அதில் பழைய மொய் 4,10,000. அதாவது பத்துப் பதினைந்து வருஷமாக அப்பா ஊர் ஊராகப் போய்ப் போட்ட பணம், பணவீக்கம் தின்றது போக அதே எண்ணில் திரும்பி வந்திருக்கிறது. புதிதாகக் கிடைத்த கடன் 2,30,000. விருந்தில் எங்கள் பங்குச் செலவு 1,20,000. கிடா, அரிசி, பந்தல், பத்திரிகை, ஃபிளெக்ஸ். நம் பணத்தையே திரும்ப வாங்கவும், மேலே கொஞ்சம் கடன் பெறவும் 1,20,000 கட்டணம். கடன் தந்தவர் வட்டி வாங்கவில்லை, உண்மைதான். வட்டியை ஆட்டு வியாபாரியும் பந்தல்காரரும் சமையல்காரரும் வாங்கிப் போய்விட்டார்கள். சரி, ஊருக்குள்தானே சுற்றுகிறது என்கிறீர்களா? சுற்றட்டும். ஆனால் வட்டியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்த வட்டியும் ஏறிக்கொண்டே போகிறது. பக்கத்துப் பந்தலில் எத்தனை கிடா வெட்டினார்கள் என்று நம் பந்தலில் கேட்பார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓலைப் பந்தலும் மைக் செட்டும் போதும். இப்போது எல்இடி திரை, ட்ரோன். யாருக்குப் படம் எடுக்கிறார்கள்? உங்களுக்குத்தான், ரீல்ஸுக்கு.

இதைவிடப் பெரிய பிரச்சினை தேதி. வங்கிக் கடனுக்குத் தவணைத் தேதி உண்டு. மொய்க்கடனைக் கொடுத்தவன் எப்போது விருந்து வைக்கிறானோ அன்றுதான் தவணை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா அடித்தது. எங்கள் கொல்லையில் தென்னையும் பலாவும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. எங்களுடையது மட்டுமா? எங்களுக்கு மொய் போட்ட எல்லார் கொல்லையிலும்தான். புயலுக்குப் பிறகு ஆளாளுக்குப் பணம் வேண்டும், ஆளாளுக்கு விருந்து. 2019 ஆடியில் எங்கள் வீட்டுக்கு 37 பத்திரிகை வந்தது. ஒரே மழை, ஒரே காற்று, ஒரே பயிர் என்று வாழ்கிற ஆட்கள் ஒருவருக்கொருவர் மட்டுமே கடன் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அம்மாவின் செயின் சாட்சி. அது அந்த ஆடி முதல் வெள்ளியன்று அடகுக் கடைக்குப் போனது. "மொய்க்குத்தானே, வந்துரும்" என்றார் அப்பா. அம்மா எதுவும் சொல்லவில்லை. நோட்டில் அம்மாவின் பெயர் எங்கேயும் கிடையாது.

இதைச் சொன்னவுடன் "பார்த்தியா, கிராமத்து முட்டாள்தனம்" என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒன்று. உங்கள் பர்ஸில் இருக்கும் கிரெடிட் கார்டு, பாக்கி வைத்தால் மாசம் 3.5 சதவீதத்துக்கு மேல்கூட, வருஷத்துக்கு 42க்கு மேல்கூட, வாங்கிக்கொள்கிறது. என் ஆபீசில் ஐபோனுக்கு 24 மாதத் தவணை கட்டாத ஆள் குறைவு. நானும் கட்டினேன். எங்கள் ஊரிலாவது கடன் வாங்கியவன் நானூறு பேருக்குக் கறிச்சோறு போடுகிறான்.

2008இல் எனக்கு கவுன்சிலிங்கில் சீட் கிடைத்து, ஃபீஸ் கட்ட எட்டு நாள் இருந்தது. ஒரு வங்கியில் மூன்று முறை "நாளைக்கு வாங்க" என்றார்கள். எங்கள் நல்ல நேரம், அந்த ஆடிதான் எங்கள் முறை. அழுக்கு நோட்டாக, ஐம்பதும் நூறுமாக, ஒரு மஞ்சப்பையில் என் முதல் வருஷம் போனது. அதனால்தான் இதை வெளியில் நின்று திட்ட எனக்கு வரவில்லை. உள்ளே இருந்துதான் திட்டுகிறேன்.

போன வருஷம் அப்பாவிடம் சொன்னேன்: "இனி புது மொய் வேண்டாம்ப்பா. வாங்கினதை மட்டும் திருப்பிப் போட்டு ஒவ்வொரு கணக்கா முடிச்சிருவோம். காசு நான் தர்றேன்."

அப்பா நோட்டை மூடினார். "வாங்குன ஆயிரத்த மட்டும் திருப்பிப் போட்டா என்ன அர்த்தம் தெரியுமாடா? உன் சங்காத்தமே வேணாம்னு அர்த்தம். நாளைக்கு என்னையத் தூக்குறதுக்கு நீ ஆப்புல ஆள் புக் பண்ணுவியா?"

இந்த ஆடிக்கு 14 பத்திரிகை வந்திருக்கிறது. அப்பாவுக்கு முட்டிவலி, அலைய முடியாது. என்னைத்தான் போகச் சொன்னார். முதல் பந்தலில் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார், "பழசு ரெண்டாயிரம் இருக்கு தம்பி. புதுசு எவ்வளவு?"

"ஆயிரம்" என்றேன். "யார் பேருல போடுறது, அப்பா பேருலயா, உங்க பேருலயா?" பின்னால் வரிசை நின்றது. என் பெயரைச் சொன்னேன்.