காலையில் ஒரு திசை, மாலையில் எதிர்த்திசை: மேப்புக்கு யார் சொல்வது?

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடியும் நேரம். சின்னத் தெருவில் பஸ், வேன், பைக் எல்லாம் ஒரே பக்கம் நகர்கின்றன. ‘அந்த நேரத்துக்கு மட்டும் ஒன்வே ஆக்கிட்டா என்ன?’ என்று தோன்றும்.

ஆக்கலாம். கொல்கத்தாவில் பல தெருக்களின் ஒன்வே திசை மதியத்துக்குப் பின் அப்படியே தலைகீழாகிவிடும். ஆனால் மேப்புக்கு அது தெரிய வேண்டுமே?

2004-ல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இதற்கு வழி உண்டு. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை எந்தத் திசை என்று சாலையோடு சேர்த்தே பதிவு செய்யலாம். ‘திசை மாறும் சாலை’ என்று மட்டும் போட்டால், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகலாம் என்பது வழிகாட்டும் ஆப்புக்குப் புரியாது.

சிக்கல் டெக்னாலஜியில் இல்லை, தகவலில்தான். ஞாயிற்றுக்கிழமையும் உண்டா, பைக்குக்கும் பொருந்துமா என்பதை போக்குவரத்து போலீஸ்தான் சொல்ல முடியும். ஆம்பூரிலிருந்து வேலூர் சிஎம்சிக்கு விரையும் ஆம்புலன்ஸ் எதிர்த்திசையில் மாட்டிக்கொண்டால், போவது நிமிடங்கள் மட்டுமல்ல.

எனவே திசையை மாற்றும் உத்தரவு வரும் நாளிலேயே நேர அட்டவணையும் ஆன்லைனில் வர வேண்டும். தெருமுனையில் தமிழிலும் உருதுவிலும் போர்டு வேண்டும். போர்டு இல்லாத ஒன்வேயை மேப் மட்டும் காப்பாற்றாது.