பெயர் சொல்லாப் புகாருக்கு ஏது பாதுகாப்பு?

தருமபுரி மாவட்டத்தில், கருவின் பாலினத்தைச் சட்டவிரோதமாகக் கண்டறிந்து கூறும் கும்பல்கள் அண்மை ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பிடிபட்டிருக்கின்றன. எடுத்துச் செல்லக்கூடிய ஸ்கேன் கருவியை ஏதோ ஒரு வீட்டில் வைத்து, இடைத்தரகர்கள் மூலம் கர்ப்பிணிகளை அழைத்து வந்து நடத்தப்படும் தொழில் இது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் தருமபுரிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆயினும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், குழந்தைப் பாலின விகிதம் மாநிலச் சராசரியைவிடக் குறைந்திருந்த மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்றாகவே இருந்தது.

இத்தகைய குற்றம் யாருக்கும் தெரியாமல் நடப்பதில்லை. கர்ப்பிணியை அழைத்துச் சென்ற ஆட்டோ ஓட்டுநருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். கிராமச் செவிலியருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. குழந்தைத் திருமணமும் அப்படித்தான். பந்தல் போடப்பட்டது ஊருக்கே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருப்பதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. அதிகாரிகள் வந்து சென்ற மறுநாள் ஊரில் எழும் முதல் கேள்வி, 'நடந்தது குற்றமா?' என்பதல்ல, 'சொன்னது யார்?' என்பதே.

இந்த அச்சத்துக்கு இணையம் விடை தருவதாக இளைஞர்கள் பலர் நம்புகின்றனர். முகவரியை மறைக்கும் 'டோர்' போன்ற மென்பொருள்களும், 'விபிஎன்' செயலிகளும் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றை நிறுவிக்கொண்டால் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பது பரவலான எண்ணம். அந்த எண்ணம் பாதி உண்மை. மீதிப் பாதியை அறியாமல் புகார் அனுப்புகிறவர், மென்பொருளே இல்லாதவரைவிடப் பெரிய ஆபத்தில் சிக்கக்கூடும்.

டோர் மென்பொருளின் அடிப்படைக் கருத்து 1990-களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவானது. 2006-ஆம் ஆண்டு முதல் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு அதனைப் பராமரித்து வருகிறது. நாம் அனுப்பும் தகவல் மூன்று அடுக்கு உறைகளில் இடப்பட்டு, தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று கணினிகள் வழியாகச் செல்கிறது. முதல் கணினிக்கு அனுப்பியவரின் முகவரி தெரியும்; அவர் எந்தத் தளத்துக்குச் செல்கிறார் என்பது தெரியாது. கடைசிக் கணினிக்குத் தளம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. இடையில் உள்ள கணினிக்கு இரண்டுமே தெரியாது. முதல் கணினியும் கடைசிக் கணினியும் கைகோத்தாலன்றி அனுப்பியவரையும் தளத்தையும் இணைத்து அறிவது கடினம். இந்தியாவில் இதனைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கும் பொதுச் சட்டம் ஏதும் இல்லை.

இந்த ஏற்பாடு மறைப்பது பயணப் பாதையை மட்டுமே. உறைக்குள் இருக்கும் கடிதத்தையோ, எழுதியவரின் பழக்கங்களையோ அது மறைப்பதில்லை. 2007-இல் சுவீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், டோர் வலைப்பின்னலின் கடைசிக் கணினிகள் சிலவற்றைத் தாமே நடத்தி, அவற்றின் வழியே சென்றவற்றைக் கவனித்தார். பல நாட்டுத் தூதரகங்கள், அரசு அலுவலகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்கள் வெளிப்படையாகவே அவர் கண்ணில் பட்டன. இந்திய அலுவலகங்களும் அப்பட்டியலில் இருந்தன. டோர் உடைக்கப்படவில்லை. மறையாக்கம் இல்லாத மின்னஞ்சலை அதன் வழியே அனுப்பியதுதான் பிழை. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்துடன் இயங்குகின்றன என்றாலும், முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி இருக்கிறதா என்று பார்ப்பது இன்றும் முதல் கடமை.

இரண்டாவது ஆபத்து, பயன்படுத்துபவரின் கையிலேயே இருக்கிறது. டோர் உலாவியைத் திறந்து அதில் தம் சொந்த மின்னஞ்சல் கணக்கில் நுழைபவர், முகமூடி அணிந்துகொண்டு பெயரை உரக்கச் சொல்பவருக்கு ஒப்பானவர். 2025 ஜூனில், பல மாநிலங்களுக்குப் போலி வெடிகுண்டு மிரட்டல்கள் அனுப்பியதாகச் சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் ஒருவரை ஆமதாபாத் காவல் துறை கைது செய்தது. டோர், விபிஎன் ஆகியவற்றைப் பயன்படுத்தியிருந்தபோதிலும், ஒரே கருவியில் உண்மைக் கணக்கையும் போலிக் கணக்கையும் திறந்த சிறு தவறே தடயமானது எனக் காவல் துறை தெரிவித்தது. குற்றம் செய்தவராகக் கருதப்படுபவரைச் சிக்கவைத்த அதே தவறு, குற்றத்தைக் காட்டிக்கொடுக்க முனையும் நல்லவரையும் சிக்கவைக்கும். கைப்பேசியில் எடுத்த புகைப்படத்துக்குள் எடுத்த நேரமும் இடமும் கருவியின் விவரமும் பதிந்திருக்கக்கூடும். அதனை அப்படியே இணைத்து அனுப்பினால், முகவரியை மறைத்ததன் பயன் என்ன?

மூன்றாவது ஆபத்தே தருமபுரி போன்ற மாவட்டங்களுக்கு முதன்மையானது. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்தது. தேர்வைத் தவிர்க்க விரும்பிய மாணவர் ஒருவர் டோர் வழியாக அனுப்பியது அது. புலனாய்வாளர்கள் டோரை உடைக்க முயலவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக வலைப்பின்னலில் டோரைப் பயன்படுத்தியவர்கள் யார் யார் என்று மட்டும் பார்த்தனர். பட்டியல் சிறியதாக இருந்தது. விசாரணையில் மாணவர் ஒப்புக்கொண்டார். டோரில் என்ன செய்கிறோம் என்பது மறைந்தாலும், டோரைப் பயன்படுத்துகிறோம் என்பது இணைய இணைப்பு தருபவருக்குத் தெரியும் என்பதே இதன் பாடம்.

மறைவு என்பது மென்பொருள் தருவதன்று, கூட்டம் தருவது. திருவிழாவில் ஒருவர் தொலைந்துபோகலாம். வெறிச்சோடிய சந்தைத் திடலில் தொலைய முடியாது. பென்னாகரம் அல்லது அரூர் வட்டத்தின் சிற்றூர் ஒன்றிலோ, ஒரு கல்லூரியின் வலைப்பின்னலிலோ டோரைப் பயன்படுத்துபவர் எத்தனை பேர் இருப்பர்? ஒருவேளை அவர் ஒருவராகவே இருக்கலாம். மென்பொருளையும் விட்டுவிடுவோம். 'செவ்வாய்க்கிழமை மாலை அந்த வீட்டுக்கு மூன்று பேர் வந்தனர்' என்ற ஒரு வரி போதும். அதைப் பார்த்திருக்கக்கூடியவர்கள் எதிர்வீட்டார் இருவர் மட்டுமே என்பது ஊருக்குத் தெரியும். எந்த மென்பொருளும் இந்த வரியை மறைக்காது. மேலும், குடும்பத்துக்கே ஒரு கைப்பேசி என்றிருக்கும் வீட்டில், திரையில் புதிதாகத் தோன்றும் ஒரு செயலியே ஒரு பெண்ணிடம் கேள்வி எழுப்பப் போதுமானது.

மென்பொருள் இயங்காமல் போகும் நேரமே பலர் தவறிழைக்கும் நேரமும் ஆகும். டோர் இணைய மறுத்தால் பொறுமையிழந்து வழக்கமான உலாவியிலேயே புகாரை அனுப்பிவிடுகின்றனர். ஒருமுறை அப்படிச் செய்தாலே மறைத்தது அனைத்தும் வீண். இணையாமைக்குக் காரணம் பெரும்பாலும் எளிமையானது. கருவியின் நேரமும் தேதியும் தவறாக இருந்தால் டோர் இணையாது. அதைச் சரிசெய்தால் போதும். நிறுவன வலைப்பின்னல் தடுத்திருந்தால், 'பாலம்' எனப்படும் மாற்று நுழைவாயில்களை அமைப்புகள் பகுதியிலேயே தேர்ந்தெடுக்கலாம். டோர் பயன்பாட்டை இணைப்பு தருபவர் எளிதில் அடையாளம் காணாதிருக்கவும் அவை உதவும். பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும் என்பதால் புதுப்பித்தல் கட்டாயம். வேகமாக இயங்க வேண்டும் என்பதற்காகப் பாதுகாப்பு அளவைக் குறைப்பதும், கூடுதல் இணைப்பு நிரல்களைச் சேர்ப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. அத்தகைய கூடுதல் நிரல்கள் ஒருவரின் உலாவியைப் பிறருடையதிலிருந்து தனித்துக் காட்டிவிடும்.

மென்பொருளை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ, அத்தளம் சுட்டும் செயலி அங்காடியிலிருந்தோ மட்டுமே பெற வேண்டும். டோர் என்ற பெயரில் வேவு நிரல்கள் கலந்த போலிப் பதிப்புகள் காணொலி இணைப்புகள் வழியே பரப்பப்பட்டதைப் பாதுகாப்பு நிறுவனங்கள் கண்டறிந்துள்ளன. டோர் உலாவி அதன் வழியே செல்வதை மட்டுமே மறைக்கும் என்பதையும் மறக்கலாகாது. அதே கைப்பேசியில் உள்ள வாட்ஸ்ஆப் உள்ளிட்ட பிற செயலிகள் வழக்கமான பாதையிலேயே செல்கின்றன.

விபிஎன் செயலிகளின் நிலை வேறு. அங்கே நம்பிக்கை மூன்று கணினிகளிடையே பிரிவதில்லை. ஒரே நிறுவனத்திடம் குவிகிறது. 2022 ஏப்ரல் 28-இல், மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான 'செர்ட்-இன்' பிறப்பித்த உத்தரவு, வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொடர்பு எண் முதலானவற்றை 5 ஆண்டுகள் சேமித்து வைக்குமாறு விபிஎன் நிறுவனங்களைப் பணித்தது. அதனை ஏற்காத பன்னாட்டு நிறுவனங்கள் சில, இந்தியாவிலிருந்த தம் சேவையகங்களை அகற்றிக்கொண்டன. இலவச விபிஎன் செயலியோ வருவாய்க்கு வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. அந்த வழி பயனாளியின் தகவலாகவே இருக்கக்கூடும்.

அரசின் கவலையையும் புறந்தள்ள முடியாது. 2024 பிப்ரவரி 8-இல், சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகளுக்குப் போலி வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. பதறியோடிய பெற்றோரின் துயரம் பொய்யானதல்ல. மிரட்டல்களுக்கு 'புரோட்டான் மெயில்' என்ற சுவிட்சர்லாந்து சேவை பயன்படுத்தப்பட்டதால், அதனை முடக்குமாறு தமிழகக் காவல் துறை கோரியது. 2025 ஏப்ரலில், வேறொரு வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றமும் அச்சேவையை முடக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆனால், மேலே கண்ட வழக்குகளில் கருவி முடக்கப்பட்டதால் எவரும் பிடிபடவில்லை. பொறுமையான புலனாய்வால் பிடிபட்டனர். ஒரு சேவையை முடக்கினால் குற்றவாளி மற்றொன்றுக்கு மாறிவிடுவார். அதை நம்பி உண்மை சொல்ல வந்தவர்தான் வழியற்று நிற்பார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24-இல் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

மென்பொருளைவிடப் பெரிய குறை நம் சட்ட ஏற்பாட்டில் உள்ளது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை ரகசியமாக வைக்குமாறு கேட்டுக்கொண்டார். கடிதம் பல அலுவலகங்களைக் கடந்தது; பெயரும் உடன் சென்றது. 2003 நவம்பரில் அவர் கயையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மரணம் எழுப்பிய கேள்விகளின் விளைவாக, 2014-இல் தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும், புகார்தாரரின் அடையாளம் இல்லாத புகாரின் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதே அதன் விதி.

பெயரை மறைப்பதும் நீதி வழங்குவதும் முரண்பட்டவை அல்ல என்பதைத் தருமபுரி மாவட்டமே நாட்டுக்குக் காட்டியிருக்கிறது. 1992 ஜூனில் வாச்சாத்தியில் நிகழ்ந்த கொடுமையில், பாலியல் வன்முறைக்கு உள்ளான 18 பெண்களின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை விதித்திருந்தது. வழக்கு நடந்தது, சாட்சியம் பதிவானது, 2011-இல் உயிருடன் இருந்த 215 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது, 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. நீதிமன்றத்துக்குப் பெயர் தெரிந்திருந்தது. ஊர் உலகுக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

அந்த நெறியை நாள்தோறும் வரும் புகார்களுக்கும் விரிவுபடுத்துவதே இன்றைய தேவை. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில், குழந்தைகள் தொடர்பான பாலியல் பதிவுகள் போன்ற சில வகைக் குற்றங்களைப் பெயர் சொல்லாமல் தெரிவிக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. பாலினத் தேர்வு, குழந்தைத் திருமணம், சாதிய வன்கொடுமை ஆகியவற்றுக்கும் மாவட்ட அளவில் அத்தகைய வழி வேண்டும். கைப்பேசி எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்காத வழியாக அது இருக்க வேண்டும். டோர் வழியாக வருபவரையும் அது திருப்பி அனுப்பக் கூடாது. பெயரில்லாப் புகாரில் பொய்யும் பகையும் கலந்திருக்கும் என்பது உண்மையே. அதனால்தான் புகாரைத் தண்டனைக்கான ஆதாரமாக அல்லாமல், விசாரணைக்கான தொடக்கமாக மட்டுமே கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமானது, புகாரைப் பெறும் அலுவலரின் நடத்தை. புகார் வந்த மறுநாளே அந்த ஒரு வீட்டை மட்டும் சோதனையிடாமல், அப்பகுதியின் பல இடங்களில் வழக்கமான ஆய்வாகச் செய்தால், சொன்னவர் கூட்டத்தில் கரைந்துவிடுவார். மென்பொருளால் தர முடியாத கூட்டத்தை நிர்வாகம் இவ்வாறு தர முடியும். புகார்க் கடிதத்தின் நகலைக் குற்றம் சாட்டப்பட்டவரிடமே காட்டி விளக்கம் கேட்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அது உடனே நிறுத்தப்பட வேண்டும்.

மூன்று கணினிகளைக் கடந்து, மூன்று உறைகளுக்குள் பத்திரமாக வந்து சேரும் ஒரு புகார், கடைசியில் ஓர் அரசு மேசையின் மீதுதான் திறக்கப்படுகிறது. அங்கிருந்து ஊர்த் தேநீர்க் கடைக்கு அது போய்ச்சேராது என்ற உறுதியை அரசு தரும் நாளில்தான், தெரிந்தவர்கள் பேசத் தொடங்குவார்கள்.