போன் சிஸ்டத்துக்கு ஒரு ஸ்டெப்னி: நான் வெட்டின 22,000 ரூபாய், ஒரே சனிக்கிழமையில போன கதை



தலைப்பைப் பார்த்துட்டு, "சார், நம்ம சேனல்ல மியூச்சுவல் ஃபண்ட் பேசுவீங்க, டேக்ஸ் பேசுவீங்க, இது என்ன போன் சர்வர்?"னு கேட்பீங்க. எஸ்ஐபி பத்தித்தான் பேசப் போறேன். ஆனா இது மாசம் 5,000 ரூபாய் போடுற எஸ்ஐபி இல்ல. ஆபீஸ் போன்கள் இன்டர்நெட் வழியா ஒன்னோட ஒன்னு பேசிக்கிற முறைக்கும் எஸ்ஐபின்னுதான் பேரு. முதல் எஸ்ஐபி பத்தி நமக்கு எல்லாம் தெரியும். ரெண்டாவது நின்னு போனா முதலாவதுக்குப் போடக் காசு இருக்காது. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்.

சிவப்பு மையில ஒரு கோடு

காரைக்கால் பக்கம் எனக்கு ஒரு லாட்ஜ் கிளையன்ட் இருக்கார். திருநள்ளாறு வர்ற பக்தர்களை நம்பி நடக்கிற தொழில். நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காகச் சொல்றேன்: திருநள்ளாறுல சனிக்கிழமைதான் கூட்டம். வெள்ளிக்கிழமை ராத்திரியே வேன்ல வந்து தங்கி, விடியக்காலையில நளதீர்த்தத்துல குளிச்சு சாமி கும்பிட்டுப் போவாங்க. அந்த ரூம்கள் பெரும்பாலும் வியாழன், வெள்ளியில போன்லதான் புக் ஆகும். ஆப்ல புக் பண்றவங்க உண்டு. ஆனா 12 பேரைக் கூட்டிட்டு வர்ற பெரியவர் போன் பண்ணி, "தம்பி, ஹீட்டர் இருக்கா? வேன் நிறுத்த இடம் இருக்கா?"ன்னு கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவார்.

ரிசப்ஷன் மேசைக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி. அதுதான் அவங்களோட ஐபி பிபிஎக்ஸ். ஆஸ்டரிஸ்க்னு ஒரு இலவச மென்பொருள். 1999ல மார்க் ஸ்பென்சர்ங்கிற இளைஞர், தன் கம்பெனிக்கு போன் சிஸ்டம் வாங்கக் காசு இல்லாம தானே எழுதினது. இன்னைக்கு உலகம் முழுக்க ஓடுது. லாட்ஜ்ல ஓடினதும் அதுதான்.

ஃப்ரண்ட் ஆபீஸ்ல ஒரு தம்பி இருந்தான். சம்பளம் 16,000. பட்ஜெட் போடுற நேரத்துல ஒரு தாள் கொண்டுவந்து வச்சான். "சார், இந்தப் பெட்டி போச்சுன்னா மொத்த லைனும் போயிடும். ஸ்டாண்ட்பைக்கு ஒன்னு வேணும், 22,000 ஆகும்"னான். "இப்ப வேலை செய்யுதுல்ல?"ன்னு கேட்டேன். "செய்யுது சார்"னான். சிவப்பு மையில ஒரு கோடு போட்டேன். செலவு மிச்சம். ஓனருக்கும் சந்தோஷம்.

எட்டு மாசம் கழிச்சு ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் அந்தப் பெட்டியோட டிஸ்க் செத்துப் போச்சு.

"பேக்கப் இருக்கா?"ன்னு ஓனர் கேட்டார். இருந்தது, தினமும் ராத்திரி தானா எடுத்துக்கிட்டுத்தான் இருந்தது. எங்க சேமிச்சதுன்னா, அதே டிஸ்க்ல! சரி, நம்பரை மொபைலுக்குத் திருப்பி விடலாம்னு பார்த்தா, டெலிகாம் கம்பெனி போர்ட்டலோட லாகின், ரெண்டு வருஷம் முன்னாடி வேலையை விட்டுப் போனவரோட மெயில் ஐடியில இருக்கு. தஞ்சாவூர்லேர்ந்து ஆள் வந்து எல்லாத்தையும் புதுசா ஏத்தி முடிக்கச் சனிக்கிழமை மத்தியானம் ஆயிடுச்சு.

அந்த வாரம் 14 ரூம் காலி. ரூமுக்கு 1,800 ரூபாய்னா 25,200. சோப்பு, சலவை, கரண்ட்னு மிச்சமானதைக் கழிச்சாலும் 22,000 ரூபாய்க்கு மேலயே போச்சு. நான் எட்டு மாசம் முன்னாடி "மிச்சம் பிடிச்ச" அதே தொகை.

இதுல மோசமான விஷயம் அது இல்ல. அந்த மாசம் அந்தத் தம்பியோட இன்சென்டிவ் 3,000 ரூபாயை ஓனர் நிறுத்திட்டார். "போன் அவன் பொறுப்பு"ன்னு காரணம் சொன்னார். சம்பள ஷீட்டைச் சரிபார்க்கும்போதுதான் எனக்குத் தெரிஞ்சது. அந்தக் கோடு நான் போட்டதுன்னு ஓனர்கிட்ட சொன்னேன். அவரும் நல்ல மனுஷன், அடுத்த மாசம் பணத்தை அனுப்பிட்டார். ஆனா அதுக்குள்ள தம்பி வேற வேலைக்குப் போயிட்டான்.

அதனால என் கருத்தை ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன்: பேக்கப் இல்லாம ஒரு சிஸ்டம் விழுந்தா அது ஊழியரோட தப்பு இல்ல. பட்ஜெட்ல கையெழுத்துப் போட்டவங்களோட தப்பு. அதுல ஆடிட்டரும் உண்டு.

கணக்குப் புத்தகத்துக்குச் சட்டம் இருக்கு, போனுக்கு?

2022 ஆகஸ்ட்ல கம்பெனிகள் கணக்கு விதிகள்ல ஒரு திருத்தம் வந்தது. கணக்கை எலக்ட்ரானிக்கா வச்சிருக்கிற கம்பெனிகள், அதோட பேக்கப்பை இந்தியாவுக்குள்ள இருக்கிற சர்வர்ல தினமும் வைக்கணும். அதுக்கு முன்னாடி "அவ்வப்போது"ன்னு இருந்ததை "தினமும்"னு மாத்தினாங்க. ஆடிட் போகும்போது நாங்களும் இதைக் கேட்கிறோம். ஆனா அந்தக் கணக்குல எழுத வருமானம் எங்கேர்ந்து வருது? மணி அடிக்கிற போன்லேர்ந்து. அதுக்கு பேக்கப் இருக்கான்னு நான் ஒரு ஆடிட்லயும் கேட்டதில்ல. இப்ப கேட்கிறேன்.

பக்கத்து ரூம்ல வச்சா அது பேக்கப் இல்ல

கஜா புயலை நம்ம ஊர்ல யாரும் மறக்க மாட்டோம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டா முழுக்க கரண்ட் கம்பங்கள் சாய்ஞ்சு, செல்போன் டவர்கள் செத்து, பல ஊர்கள்ல நாள்கணக்குல இருட்டு. அன்னைக்கு ஒரே கட்டடத்துல ரெண்டு பெட்டி வச்சிருந்தவங்களுக்கு ரெண்டும் சேர்ந்துதான் போயிருக்கும்.

அப்ப சென்னையில வைக்கலாமா? 2015 டிசம்பர் வெள்ளமும் 2016 டிசம்பர் 12 வர்தா புயலும் ஞாபகம் இருக்கட்டும். காரைக்கால்ல புயல் அடிக்கிற அதே சீசன்தான் சென்னைக்கும். என்னைக் கேட்டா, கடற்கரையை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர்ல, உதாரணமா ஹைதராபாத் டேட்டா சென்டர்ல, ஒரு சின்ன கிளவுட் சர்வர் போதும்.

இன்னொரு பாடம் 2021 அக்டோபர் 4ல கிடைச்சது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் சேர்ந்து சுமார் 6 மணி நேரம் நின்னு போச்சு. அந்தக் கம்பெனி சொந்தமா பயன்படுத்துற உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பி இருந்ததால, சரி பண்றதே கஷ்டமாச்சு. லாட்ஜ் கதையும் இதேதான். பேக்கப் அதே டிஸ்க்ல, லாகின் போனவரோட மெயில்ல. பூட்டுக்குள்ளேயே சாவியை வச்சுப் பூட்டின மாதிரி.

சரி, என்னதான் பண்ணணும்?

இப்ப அந்த லாட்ஜ்ல பண்ணியிருக்கிறதை அப்படியே சொல்றேன். டெக்னிக்கல் ஆளுங்க இருந்தா கமெண்ட்ல திருத்துங்க.

1. ரெண்டாவது சர்வர்ல முதல் சர்வர்ல இருக்கிற அதே மென்பொருள், அதே வெர்ஷன். தினமும் ராத்திரி முதல் சர்வரோட செட்டிங்ஸ் எல்லாம் பேக்கப் ஆகி, ரெண்டாவதுக்குப் போய் அங்கேயே ரீஸ்டோரும் ஆயிடும். இதை "வார்ம் ஸ்பேர்"னு சொல்றாங்க.

2. ரெண்டாவதுல டெலிகாம் கம்பெனியோட இணைப்பை, அதாவது ட்ரங்கை, அணைச்சு வைக்கணும். ரெண்டு சர்வரும் ஒரே நேரத்துல "இந்த நம்பர் என்னோடது"ன்னு சொன்னா, கால் எங்க போகும்னு யாருக்கும் தெரியாது.

3. மேசை போன்கள்ல ரெண்டாவது சர்வரோட முகவரியையும் போட்டு வைக்கணும். ஊழியர்களோட மொபைல்ல ஒரு சாஃப்ட்போன் ஆப். லாட்ஜ்ல கரண்ட் இல்லேன்னாலும், நெட் கிடைக்கிற இடத்துலேர்ந்து அதே நம்பர்ல பேசலாம்.

4. பலர் மறக்கிறது இதைத்தான்: டெலிகாம் கம்பெனிகிட்ட முன்கூட்டியே பேசணும். ட்ரங்க் பல நேரம் ஒரே முகவரிக்கும் ஒரே ஐபிக்கும்தான் கட்டிக் கொடுத்திருப்பாங்க. வேற இடத்துல எடுக்க அனுமதி இருக்கான்னு எழுத்துல கேளுங்க. இல்லேன்னா, லைன் கிடைக்காதப்ப ஒரு மொபைலுக்குத் திருப்பி விடுற வசதியாவது வாங்கி வையுங்க.

5. லாகின் எல்லாம் கம்பெனி மெயில்ல இருக்கணும். பாஸ்வேர்டு ஒரு கவர்ல ஓனர் லாக்கர்ல.

6. வெளிநாட்டுக் கால்களை அடைச்சு வையுங்க. சும்மா கிடக்கிற சர்வரை யாரும் அப்டேட் பண்ண மாட்டாங்க. திருடனுக்கு அதுதான் வசதி. ராத்திரியில உள்ள புகுந்து வெளிநாட்டு நம்பர்களுக்குக் கால் போட்டா, பில் நம்ம பேர்ல வரும்.

7. மூணு மாசத்துக்கு ஒரு தடவை, கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம், முதல் பெட்டியோட வயரைப் புடுங்குங்க. 15 நிமிஷத்துல போன் மணி அடிக்குதா? அடிச்சா உங்ககிட்ட பேக்கப் இருக்கு. இல்லேன்னா பேக்கப்னு ஒரு நம்பிக்கைதான் இருக்கு.

எல்லாருக்கும் தேவையா? இல்ல.

விக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். ஒரு கணக்கு போடுவோம். கிளவுட் சர்வர் மாசம் 1,500னு வச்சுக்குங்க. வருஷத்துக்கு 18,000. 18% ஜிஎஸ்டி 3,240 சேர்த்தா 21,240. உங்க தொழில்ல ஒரு நாள் போன் இல்லேன்னா 7,000 ரூபாய் லாபம் போகும்னா, வருஷத்துல மூணு நாள் காப்பாத்தினாலே கிட்டத்தட்ட காசு வந்துடும். ஒரு நாளைக்கு 500 ரூபாய்தான் போகும்னா, 42 நாளுக்கு மேல போன் படுத்தாத்தான் வரவும் செலவும் சரியாகும். அவங்களுக்கு இது வேண்டாம். ரெண்டு மொபைல், கால் ஃபார்வர்டிங், போதும்.

ஒரே நொடியில தானா மாறிக்கிற பெரிய செட்டப்பை, "ஹை அவைலபிலிட்டி"ங்கிற பேர்ல, லட்சக்கணக்குல விக்க வருவாங்க. ஆஸ்பத்திரி, பெரிய கால் சென்டர் வாங்கட்டும். 30 ரூம் லாட்ஜுக்கு 15 நிமிஷம் தாமதமானா குடி முழுகாது.

வரிப் பக்கம் ரெண்டு குறிப்பு. ஒன்னு, 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை இருக்கிற ரூம்களுக்கு 5% ஜிஎஸ்டி. ஆனா உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அதனால லாட்ஜ்காரங்க மேல சொன்ன 3,240ஐயும் செலவாத்தான் பார்க்கணும். ஐடிசி எடுக்கிற மத்த தொழிலுக்கு அது செலவு இல்ல. ரெண்டு, சொந்தமா சர்வர் வாங்கினா கம்ப்யூட்டர்னு 40% தேய்மானம். ஆனா பழைய பாணி ஈபிஏபிஎக்ஸ் கம்ப்யூட்டர் ஆகாதுன்னு கேரள உயர் நீதிமன்றம் ஃபெடரல் பேங்க் வழக்குல சொல்லியிருக்கு. அது 15% வகை. பில்லுல என்ன பேர் போடறாங்கன்னு பார்த்து வாங்குங்க. இது பொதுத் தகவல்தான், உங்க ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

சம்பளக்காரங்களுக்கு இதுல என்ன?

ரெண்டு விஷயம்.

முதலாவது, உங்க வேலை. அந்தத் தம்பி சரியாத்தான் சொன்னான். ஆனா "பெட்டி போயிடும் சார்"னு சொன்னான். "ஒரு சனிக்கிழமை போனா 25,000 போகும் சார்"னு சொல்லியிருந்தா என் பேனா நின்னிருக்கும். என்னை மாதிரி ஆளுங்களுக்குப் புரியற பாஷை ரூபாய். ஆபீஸ்ல இந்த மாதிரி ஒரு ஆபத்து உங்க கண்ணுல பட்டா, நாலு வரியில, ரூபாய்க் கணக்கோட, மெயில்ல அனுப்புங்க. ஒத்துக்கிட்டா நல்லது. ஒத்துக்கலேன்னாலும், நாளைக்குப் பழி வர்றப்ப உங்க கையில ஒரு தேதி இருக்கும்.

ரெண்டாவது, உங்க சொந்த போன். 2018 பிப்ரவரி நினைவிருக்கா? ஏர்செல் தமிழ்நாட்டுல திடீர்னு சிக்னல் இழந்து, மாசக் கடைசியில திவால் மனுவும் போட்டுச்சு. பேங்க், ஆதார், எல்லாம் அந்த ஒரே நம்பர்ல வச்சிருந்தவங்க ஓடிபி வராம, போர்ட் பண்ண கோடும் வராம கடைகடையா அலைஞ்சாங்க. இன்னைக்கு உங்க சம்பளம், யுபிஐ, டீமேட், பிஎஃப் எல்லாம் எத்தனை நம்பர்ல இருக்கு? ஒன்னுதானே? வேற கம்பெனியோட ரெண்டாவது சிம் ஒன்னு உயிரோட வையுங்க. மெயில் கணக்கோட பேக்கப் கோடுகளைத் தாள்ல எழுதி வீட்டுல வையுங்க. ரெண்டாவது பேங்க்ல ஒரு மாசச் செலவுக்கான பணத்தைப் போட்டு வையுங்க.

ஆறு மாசச் செலவை எமர்ஜென்சி ஃபண்டா வைக்கணும்னு நான் ஒவ்வொரு வீடியோவுலயும் கத்துறேன். அதே நான்தான் ஒரு தம்பி கேட்ட 22,000 ரூபாயைத் "தேவையில்லாத செலவு"ன்னு வெட்டினேன். அந்தத் தம்பி இதைப் படிச்சா, மன்னிச்சுக்கோப்பா.

உங்க ஆபீஸ்ல நாளைக்குக் காலையில எந்த ஒரு பெட்டி நின்னா எல்லாம் நிக்கும்? அதைக் கமெண்ட்ல எழுதுங்க. அதுக்கு என்ன கணக்கு போடலாம்னு அடுத்த வீடியோவுல சேர்ந்து பார்ப்போம்.